நோட்டில் ஏறாத மீன்

திருச்சி
16 பிப்ரவரி 2025

செல்வி அக்காவுக்கு,

நான் முஹ்சினா. கள்ளக்குறிச்சி கடைவீதியில் வலையும் கயிறும் விற்கும் அக்பர் அலியின் மகள். போன மே மாதம் எங்கள் கடையில் உங்கள் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள். "எந்த ஊர்ல மீன எண்றதுக்குப் பட்டம் குடுக்கறாங்க?" என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டுக் கொடுத்தீர்கள்.

மூன்று முறை அழைத்தேன். ஏரிக்கரை மேல் நின்றால்தான் உங்களுக்குச் சிக்னல் வரும் என்று அத்தா சொன்னார். அதனால் எழுதுகிறேன். எனக்கும் இதுதான் நல்லது. பேசினால் உளறுவேன்.

முதலில் நோட்டு. பதினொரு வருடம். தை முதல் வைகாசி வரை ஒவ்வொரு ஞாயிறும் கருந்தாங்கல் ஏரியில் எத்தனை விரால், எத்தனை கூடை ஜிலேபி மீன். ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை. 2016-இல் ஒரு வரி: "மழை. வலை போடவில்லை. பூஜ்யம்." மீன் வராத நாளையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இங்கே பல்கலைக்கழகத்தில் எங்கள் கணிதத் துறையில் யாரிடமும் இப்படி ஒரு தரவு இல்லை. நான் அதை ஜெராக்ஸ் எடுக்கும்போது கடைக்காரர் பக்கத்தை மடித்துவிட்டார். அவரிடம் சண்டை போட்டேன்.

அதை வைத்து என்ன செய்தேன் என்று சொல்கிறேன். விரால் ஜிலேபியைத் தின்கிறது. ஜிலேபி குறைந்தால் விரால் பட்டினி கிடந்து குறையும். விரால் குறைந்தால் ஜிலேபி பெருகும். இரண்டையும் உங்கள் வலை எடுக்கிறது. இவ்வளவுதான். இதை இரண்டு சமன்பாடாக எழுதலாம். தீர்த்தால் வரப்போகும் வருடத்தைச் சொல்லலாம்.

சொன்னேன். இந்தத் தை முதல் ஞாயிறு நூற்றுப்பத்து விரால் என்று எழுதி என் நெறியாளரிடம் கொடுத்தேன். வந்தது ஐம்பத்திரண்டு என்று நீங்களே கடையில் சொன்னீர்களாம்.

நெறியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கிராமத்து நோட்டு. தோன்றியதை எழுதியிருப்பார்கள். ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் வேண்டாம், விட்டுவிடு."

விடவில்லை. நான்கு வாரம் அதனோடு உட்கார்ந்தேன். எங்கே மீன் போகிறது என்று பதினொரு வருடத்தையும் பின்னோக்கித் தேடினேன். கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஏறக்குறைய முப்பத்தாறு விரால் ஏரியைவிட்டுப் போகிறது. உங்கள் நோட்டுக்கு வரவில்லை. ஏரி நிறைந்த வருடமும் முப்பத்தாறு. வறண்ட வருடமும் முப்பத்தாறு. வலையில் வரும் மீன் இப்படி ஒரே எண்ணில் நிற்காது. இது கை. யாரோ எண்ணி எடுக்கிறார்கள்.

ஏரியில் எப்போதும் இருப்பவர் மதகுக் காவல் அய்யப்பன் மட்டும்தான் என்று அத்தா சொன்னார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஏரியில் திருட்டு நடக்கிறது அக்கா. உங்கள் எண்கள் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

முஹ்சினா


கருந்தாங்கல்
3 மார்ச் 2025

முஹ்சினாவுக்கு,

உன் கடிதம் போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கரையில் எங்கள் மகளிர் குழு பன்னிரண்டு பேரும் இருக்கும்போது மலர்விழியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். என் நோட்டைப் பற்றி ஒருத்தி திருச்சியிலிருந்து எழுதியிருக்கிறாள், எல்லோரும் கேட்கட்டும் என்ற எண்ணம். முதல் பக்கம் முடிகிறவரை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பக்கம் படிக்கும்போது அய்யப்பன் பக்கத்தில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, எம் பேரு வந்த மாதிரி கீது?" என்றான்.

மலர்விழி தாளை மடித்துவிட்டாள். மடித்ததே அவனுக்குப் போதும். மதகுச் சாவியைக் கரையில் என் கால் பக்கத்தில் வைத்தான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இன்றைக்கு எட்டு நாள். மதகுக்கு ஆள் இல்லை. நானும் மலர்விழியும் முறை வைத்துக் காவல் இருக்கிறோம்.

நீ படித்தவள். நானும் படித்திருக்கிறேன். பன்னிரண்டாவதில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு. மேலே படிக்க அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஒரு சமன்பாடு ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த ஏரியை நாங்கள் குத்தகைக்கு எடுத்த நாளிலிருந்து ஒரு மீன் திருட்டுப் போனதில்லை. போகவும் போகாது. கருந்தாங்கலில் எவனுக்கும் இந்த ஏரியில் திருட வேண்டிய தேவையே இல்லை. ஏன் என்று உனக்கு எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை.

நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. உன் நம்பரை மலர்விழி என் போனில் தடுத்து வைத்துவிட்டாள். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுது. எழுதினால் பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

பெ. செந்தமிழ்ச்செல்வி
தலைவி, மகளிர் குழு


திருச்சி
10 மார்ச் 2025

அக்கா,

நோட்டு இதோடு வருகிறது. அட்டை போட்டிருக்கிறேன். அய்யப்பன் அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. மன்னிப்பு. அதை அவரே படிக்கட்டும். சத்தமாக வேண்டாம்.

ஏரியைப் பார்க்காமல், அவரைப் பார்க்காமல் ஒரு பெயரை எழுதினேன். தப்பு. திருடன் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

முப்பத்தாறைத் திரும்பப் பெற முடியாது. அது அங்கே இருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்னும் நுணுக்கிப் பார்த்தேன். 2014-இலிருந்து 2018 வரை முப்பத்தாறு. 2019-இல் இரண்டு கூடுகிறது. மூன்று வருடம் அப்படியே நிற்கிறது. 2022-இல் இன்னும் மூன்று. 2024-இல் இன்னும் மூன்று. இப்போது நாற்பத்துநான்கு. ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். ஆனால் ஏறினால் இறங்குவதில்லை. படிக்கட்டு மாதிரி.

எந்தப் பேராசைக்காரனும் இவ்வளவு ஒழுங்காக எடுக்க மாட்டான். எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் சொல்லுங்கள். புரியாவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

முஹ்சினா


கருந்தாங்கல்
21 ஏப்ரல் 2025

முஹ்சினா,

ஆறு வாரம் பதில் போடவில்லை. கோபம் இரண்டு வாரம். மீதி நான்கு வாரம் கோபம் இல்லை, அதனால்தான் எழுத முடியவில்லை.

2019-இல் இரண்டு கூடுகிறது என்று எழுதியிருந்தாய். அதை அடுப்படியில் நின்று படித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

2018 ஆவணியில் எங்கள் தெரு ராமசாமியின் மகன்கள் இரண்டு பேரும் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு தனித்தனி அடுப்பு வைத்தார்கள். அடுத்த தையிலிருந்து இரண்டு. 2022-க்கு முன்னால் மூன்று கல்யாணம், மூன்று வீடு. நீ சொன்ன எல்லாம் சரி. திருச்சியில் ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ராமசாமி வீடு பிரிந்ததைக் கண்டுபிடித்திருக்கிறாய். அவர் பெண் எடுத்த சம்பந்தி வீட்டுக்கே அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

உனக்குத் தலைக்கட்டு தெரியுமோ என்னவோ. தனி அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, ஊர்ப்பங்கு எல்லாம் அதை வைத்துத்தான். ஏரியை எடுத்தவர்கள் வருடத்தின் முதல் ஞாயிறு மட்டும் தலைக்கட்டுக்கு ஒரு மீன் கொடுப்பார்கள். ஏதோ ஒரு மீன். 2014-இல் முதல்தடவையாகப் பெண்கள் நாங்கள் ஏரியை எடுத்தோம். ஊர்க்கூட்டத்தில் இதே ராமசாமி எழுந்தார்.

"பொம்பளைங்க ஏரிய எட்த்தா இனிமே தலைக்கட்டுக்குத் தவளதான் வரும்."

கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு ஞாயித்துக்கெழம இல்ல. எல்லா ஞாயித்துக்கெழமயும் குடுப்போம். ஏதோ ஒரு மீனு இல்ல, வெராலு. தலைக்கட்டுக்கு ஒண்ணு. ஒரு வாரம் தவறினாலும் ஏரிய வுட்டுட்டுப் போயிட்றோம்."

பதினொரு வருடம். ஒரு வாரம் தவறவில்லை; மழைக்கு வலை போடாத ஞாயிற்றுக்கும் மறுநாள் பிடித்துக் கொடுத்தோம். தவளை என்று சொன்னவர் வீட்டுக்கு இப்போது மூன்று அடுப்பு, மூன்று விரால்.

அதை நோட்டில் எழுதுவதில்லை. மறைத்தேன் என்று நினைக்காதே. நீ நோட்டைக் கேட்டபோது எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அது வலையிலிருந்து கூடைக்குப் போகும். கூடையிலிருந்து வாசலுக்குப் போகும். எடைத்தட்டைப் பார்க்காத மீன். கொடுத்ததை எழுதி வைத்தால் அது கொடுத்ததாகுமா? அது பிடித்த மீனில் சேராது என்றுதான் இன்றைக்கும் என் மனம் சொல்கிறது.

அய்யப்பன் வீட்டுக்குப் பன்னிரண்டு பேரும் போனோம். "திருடன் நாந்தான் அய்யப்பா, சாவிய எட்த்துக்கோ" என்றேன்.

"வாரா வாரம் நாப்பத்தி நாலா? நானா இருந்தா இத்தினி தைரியமா எட்ப்பனாக்கா?" என்றான். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். பல்கலைக்கழகத்திலிருந்து தன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன் தடையை எடுக்கவில்லை. கடிதம் பழகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். முப்பத்தாறைக் கண்டுபிடித்த உன் சமன்பாட்டுக்கு இனிமேல் என்ன ஆகும் என்றும் தெரிந்திருக்கும். ஏரி என்ன ஆகும்? மூடாமல் சொல்.

செல்வி


திருச்சி
29 ஏப்ரல் 2025

அக்கா,

அடுப்பு பிரிந்த விஷயத்தைப் படித்துவிட்டு விடுதி மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். ஆய்வுக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

பிறகு நீங்கள் கேட்டதைப் போட்டுப் பார்த்தேன். அனுப்பாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மூடாமல் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் மீன் நிறைய இருந்தால் நிறைய வரும். பாதியாகக் குறைந்தால் வலையிலும் பாதிதான் வரும். மீன் குறையும்போது வலை தானாகவே கையைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் ஏரி பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் வாக்கு அப்படியில்லை. ஏரியில் ஆயிரம் இருந்தாலும் நாற்பத்துநான்கு, நூறு இருந்தாலும் நாற்பத்துநான்கு. வலை மீனைப் பார்த்து எடுக்கிறது. வாக்கு மீனைப் பார்க்காமல் எடுக்கிறது.

கருந்தாங்கலுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. வாரம் நாற்பது விராலுக்குப் பக்கத்தில். அதற்கு இந்தப் பக்கம் இருந்தவரை மீன் மெல்லத்தான் குறைந்தது. தாண்டினால் மெல்லக் குறையாது. 2022-இல் தாண்டிவிட்டோம்.

இப்படியே போனால் 2027 தையில் ஏதோ ஒரு ஞாயிறு நாற்பத்துநான்கு கிடைக்காது. 2028-இல் விரால் இருக்காது. விரால் போனால் ஜிலேபி கணக்கில்லாமல் பெருகும். பெருகித் தீனி போதாமல் விரலளவிலேயே நின்றுவிடும். யாரும் வாங்காத மீனால் ஏரி நிறைந்திருக்கும்.

வாரம் இருபது என்று குறைத்தால் மூன்று வருடத்தில் விரால் திரும்பிவிடும். குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. நெறியாளரிடம் இந்த அத்தியாயம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். "அடுத்த தை முதல் ஞாயிறைச் சரியாகச் சொல். தப்பினால் எடுத்துவிட வேண்டும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

முஹ்சினா


கருந்தாங்கல்
9 ஜூன் 2025

முஹ்சினா,

குறைக்க மாட்டேன்.

உன் எண் தப்பு என்று சொல்லவில்லை. நோட்டில் நானும் பார்த்தேன், இறங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் நாற்பத்துநான்கு வாசலில் இருபது வாசலுக்கு மட்டும் எப்படிப் போவது? எந்த இருபது? கொடுக்காமல் இருப்பதைவிடக் குறைத்துக் கொடுப்பது கேவலம். ராமசாமி துடித்துக்கொண்டு காத்திருக்கிறார், என்றைக்கு நான் தவறுவேன் என்று.

அதனால் ஒரு வேலை செய்தேன். உனக்குச் சொல்லாமல் விடலாம். ஆனால் உன்னிடம் மறைத்த மீன் ஒரு தடவை போதும்.

கடைசி இரண்டு ஞாயிறு எங்கள் ஏரியில் தலைக்கட்டு விராலைப் பிடிக்கவில்லை. சங்கராபுரம் சந்தையில் நாற்பத்துநான்கு விரால் வாங்கி, ஈரச்சாக்கில் போட்டு, விடிவதற்குள் கொண்டுவந்து கூடைக்கு மாற்றினோம். எனக்கும் மலர்விழிக்கும் மட்டும் தெரியும். ஏரியும் பிழைக்கும், வாக்கும் பிழைக்கும் என்று நினைத்தேன். நூற்று எழுபத்தெட்டு வாங்கிய மூளை.

முதல் ஞாயிறு தப்பியது. இரண்டாம் ஞாயிறு எங்கள் தெரு தைலம்மாள் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தெருவில் நின்றுகொண்டே கத்தினாள்.

"இன்னாடி செல்வி இது?"

"வெராலு."

"அது தெரிது. எந்த ஊரு வெராலு? நம்ம ஏரி மீனு முதுகு கரியாட்டம் இருக்கும். இது இன்னாடி, பவுடர் போட்டுக்கினு வந்த மாதிரி வெளுத்துக் கெடக்குது?"

எங்கள் ஏரியின் அடியில் கருஞ்சேறு. அதில் வளரும் விராலின் முதுகு கறுப்பாகத்தான் இருக்கும். பதினொரு வருடம் அந்த மீனைக் கழுவிய கைகளை நான் ஏமாற்றப் பார்த்தேன். மீனை என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பதினேழு மீன் திரும்பி வந்தது. பதினேழு. எண்ணினேன். இந்தத் தடவை நோட்டில் எழுதினேன்.

மற்ற யாரும் திட்டவில்லை. ராமசாமிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வலை போடும் காலம் முடிந்துவிட்டது. தைவரைக்கும் நேரம் இருக்கிறது. உனக்கு ஏதாவது வழி தெரிகிறதா?

செல்வி


திருச்சி
17 ஜூன் 2025

அக்கா,

தெரியவில்லை.

இருபது, முப்பது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், இரண்டு வருடம் நிறுத்துவது. எல்லாம் போட்டுப் பார்த்தேன். தாளில் எல்லாமே ஏரியைக் காப்பாற்றுகிறது. ஒன்றுகூட உங்கள் தெருவில் நடக்காது. சமன்பாட்டில் எண்ணை மாற்றுவது எனக்கு எளிது. அந்த எண் எழுந்து நின்று சொன்ன வாக்கு என்று தெரிந்த பிறகு கை போகவில்லை.

பதினேழை எழுதி வைத்தீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மா உங்களை விசாரித்தாள். கடைக்கு வந்தால் வீட்டுக்கும் வரச் சொன்னாள்.

முஹ்சினா


கருந்தாங்கல்
18 ஆகஸ்ட் 2025

முஹ்சினா,

வழி உன் கடிதத்திலேயே இருந்தது. நீதான் கவனிக்கவில்லை. "வலை மீனைப் பார்த்து எடுக்கிறது" என்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். நாற்று நட்டுக்கொண்டே அந்த வரியை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேனோ தெரியாது.

நேற்று ஊர்க்கூட்டம். ஆடியில் கூழ் ஊற்றியதற்குக் கணக்கு பார்த்து முடித்த பிறகு எழுந்து நின்றேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். சந்தை மீனை வாங்கி வந்தது நான்தான் என்று முதலில் சொன்னேன். பிறகு உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தேன். இந்தத் தடவை முன்னாலேயே முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான். 2028-இல் விரால் இருக்காது என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

"அப்ப வாக்கு தவறிடுச்சி. ஏரிய வுட்டுட்டுப் போ" என்றார் ராமசாமி.

"வாக்கக் கொறைக்க வரல. தலைக்கட்டுக்கு ஒண்ணுன்னு சொன்னது எனக்கே இப்ப கம்மியா தெரிது. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் மொத வலையே ஊரோடது. வெராலு, கெண்ட, ஜிலேபி, இன்னா வந்தாலும். நாங்க தொட மாட்டோம். நீங்களே எறங்கி இழுங்க."

"நாலு வெராலு வந்தா?"

"ஏரி நாலு குடுத்துச்சின்னு அர்த்தம். எங்கிட்ட கேக்காத, ஏரியக் கேளு."

"நாப்பத்தி நாலு வூட்டுக்கு நாலு வெரால எப்பிடிப் பிரிக்கறது?"

"வூட்டு வரிசப்படி. இந்த வாரம் எங்க நிக்குதோ, அடுத்த வாரம் அங்கேர்ந்து."

தைலம்மாள் எழுந்தாள். "நானே எறங்கி இழுத்தா மீனு எந்த ஊருன்னு பாக்க வேண்டியதில்ல" என்றாள். கூட்டம் சிரித்தது. 2014-இல் சிரித்த சிரிப்பு இல்லை. ராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம் பசங்க மூணு பேருக்கும் வலைக்காரன் பலம். மொத வலையில நாந்தான் முன்கயிறு" என்றார். அவருக்கு மகன்கள் இரண்டு பேர்தான். பேரனையும் சேர்த்துக்கொண்டார் போல.

நான் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வலை மீனை எண்ணி நோட்டில் எழுதுவேன் என்று. அது நான் கொடுத்தது இல்லை, ஊர் பிடித்தது. அதனால் எழுதலாம்.

இப்போது உன் சமன்பாட்டில் போட்டுப் பார்.

செல்வி


திருச்சி
12 ஜனவரி 2026

அக்கா,

ஆகஸ்டிலிருந்து நான் எழுதியது எல்லாம் போனால் போகட்டும் என்கிற மாதிரி இரண்டு வரி. உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

முதல் வலையைப் போட்டதும் விளிம்பு மறைந்துவிட்டது. முதலில் நம்பவில்லை. ஏதோ குறியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். இல்லை. மீன் குறைந்தால் முதல் வலையும் குறைகிறது, கூடினால் கூடுகிறது. வீடு எத்தனை பிரிந்தாலும் ஏரிக்குத் தெரியாது. இன்னும் பத்து அடுப்பு எரிந்தாலும் விரால் நிற்கும். நான் ஆறு மாதம் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாக்கியத்தையே மாற்றிவிட்டீர்கள்.

துறையில் எல்லோர் முன்பும் இதைப் பேசினேன். சமன்பாட்டில் இரண்டு இடத்தில் ஒரு புது உறுப்பு வருகிறது. பழைய வாக்குக்கு ஒன்று. முதல் வலைக்கு ஒன்று. பெயர் என்ன என்று கேட்டார்கள். கருந்தாங்கல் உறுப்பு என்றேன். எங்கே இருக்கிறது அந்த ஊர் என்று ஒருவர் கேட்டார். கல்வராயன் மலையிலிருந்து ஓடை இறங்கும் இடத்தில் என்றேன். நோட்டு பொய் சொல்லவில்லை என்றும் சொன்னேன். கேள்வி கேட்ட நான்தான் பாதியை மட்டும் கேட்டிருந்தேன். நெறியாளர் நோட்டின் ஜெராக்ஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். உள்ளே ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் தேதி முதல் வலையில் எத்தனை விரால் வரும் என்று அதில் எழுதியிருக்கிறேன். இதே எண் ஒட்டிய உறையில் நெறியாளரிடமும் இருக்கிறது. எண்ணி முடித்த பிறகு பிரியுங்கள். மூன்று நான்கு முன்பின் வரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் தப்பினால் அத்தியாயம் இல்லை.

முன்னால் பிரிக்காதீர்கள். உங்களைத் தெரியும்.

முஹ்சினா


கருந்தாங்கல்
18 ஜனவரி 2026
ஞாயிறு, மதியம்

முஹ்சினா,

பிரிக்கவில்லை. மலர்விழி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நீ கெட்டியான உறை வாங்கியிருக்கிறாய்.

காலை ஆறரைக்கு ஊரே கரையில். பெண்கள் ஒரு கயிறு, ஆண்கள் ஒரு கயிறு. ராமசாமி சொன்னபடி முன்கயிற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வாய் மட்டும் கரையில் இருந்த மாதிரி விடாமல் ஏவிக்கொண்டிருந்தார். தைலம்மாள் இந்தப் பக்கத்திலிருந்து, "யோவ், தவள மாட்டிக்கப் போவுது, பாத்து இழு" என்றாள். பன்னிரண்டு வருடம் நான் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள். அவரே சிரித்து, கயிற்றை விட்டுவிடப் பார்த்தார்.

வலை கரைக்கு வந்தது. சேற்றுக்குள்ளிருந்து முதுகு முதுகாக. கரிமாதிரி. இத்தனை நாள் நான்தான் ஒவ்வொரு வாசலாக இதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கு அவரவர் கையில் எடுத்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மலர்விழி எண்ணினாள். விரால் இருபத்தொன்பது. ராமசாமி மறுபடி எண்ணினார், அவருக்கு யாரையும் நம்பிக்கை இல்லை. இருபத்தொன்பது. பிறகு உறையைப் பிரித்தேன். எல்லோர் முன்பும் நானே படித்தேன்.

முப்பத்தொன்று.

ராமசாமி, "ரெண்டு கம்மி" என்றார். "ரெண்டுதான் கம்மி" என்றாள் தைலம்மாள். "நீ எறங்கி நின்னுக்கினு இருந்த ஏரியில எவ்ளோ வரும்னு ஒனக்குத் தெரிஞ்சிதா? அந்தப் பொண்ணு திருச்சியில இருந்துக்கினு சொல்லிக்கிது." வீட்டு வரிசைப்படி ஒன்றாவது வீட்டிலிருந்து இருபத்தொன்பதாவது வீடுவரை விரால் போயிற்று. மீதி வீடுகளுக்குக் கெண்டை. அடுத்த வாரம் முப்பதாவது வீடு, ராமசாமியின் மூத்த மகன்.

நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப மலர்விழி தடையை எடுத்துவிட்டாள். உன் நெறியாளரிடம் காட்டு. கிராமத்து நோட்டு என்று சொல். கீழே கையெழுத்து இருக்கிறது.

இரண்டு குறைகிறதே என்று நீ நான்கு வாரம் உட்கார்ந்து தேடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அதில் ஒன்று உன் தப்பு. அதைத் தேடு.

இன்னொன்றைத் தேடாதே. வலை கரைக்கு வந்ததும், எண்ணுவதற்கு முன்னால், இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி அய்யப்பனிடம் கொடுத்தேன். தைலம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, எண்றதுக்கு முன்னாடி ஒண்ணு போவுது?"

"ஒரு தலைக்கட்டு ஜாஸ்தியாயிடுச்சி."

"யாரு வூடு பிரிஞ்சிது?"

"பிரியல. சேந்துக்கிது."

அது யார் என்று தைலம்மாள் கேட்கவில்லை. அய்யப்பன் வண்டியை எடுக்கும்போது, "சீக்கிரம் போடா, வெயில் ஏறிக்கினு கீது" என்று மட்டும் சொன்னாள்.

இந்நேரம் கள்ளக்குறிச்சியில் உன் அம்மா கையில் இருக்கும். வாசலில் நின்று திருடன் வந்திருக்கிறேன் என்று சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அய்யப்பன் போனான்.

அது நோட்டில் இல்லை.

செல்வி